பேய் யாரு?

விட்டலாச்சார்யா படம்னா தண்டையார்பேட்டைச் சனம் விசிலடித்தது; படித்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். ‘தரை டிக்கெட் ரசனை’ என்றார்கள். அது படத்தைப் பற்றிய பேச்சு இல்லை, தரையில் உட்கார்ந்தவனைப் பற்றிய பேச்சு. சாதியின் மொழி. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

உடுப்பிப் பக்கம் பிறந்து 1999இல் மறைந்தவர் அவர். அட்டைக் கோட்டையும் கேமரா தந்திரமுமாகக் குறைந்த செலவில் தெலுங்கில் மாயாஜாலப் படங்கள் எடுத்தார். அவை தமிழ் பேசி இங்கேயும் ஓடின. 1978இல் வந்த ‘ஜகன்மோகினி’யில் பேய் தன் காலையே விறகாக அடுப்பில் வைத்துச் சமைக்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்கி, உடம்பை எரித்தே உலை வைத்த சனத்துக்கு அது சொந்த வீட்டு அடுப்பு.

ஆனா, ‘நம்ம ரசனை’ என்று சொல்லி எல்லாத்தையும் மூடிவிட முடியாது. அந்தப் பேய் யாரு? ஆண் ஏமாற்றியதால் செத்த பெண். நியாயம் கேட்டு வந்தவளை ஜெயமாலினியின் உடம்பாகக் காட்டிக் காசு பார்த்தார்கள். கடைசியில் ஜெயிப்பது பதிவிரதையும் அவள் கும்பிடும் அம்மனும். புருசன் பிழைத்துக்கொள்கிறான்.

நம்ம வழக்கம் வேற. சாதி மீறியதால் கொல்லப்பட்டதாகக் கதை சொல்லும் காத்தவராயனை, மதுரை வீரனைச் சனங்க சாமியாக்கினாங்க. அநியாயமாச் செத்தவரிடம் பயமும் மரியாதையும் சேர்ந்தே இருந்தது. இந்தச் சினிமா பயத்தை எடுத்துக்கொண்டு மரியாதையை விட்டுவிட்டது.

ஆகவே விசிலடித்தவரை இழிவு செய்கிறவரோடும் சண்டைதான், படத்தோடும் சண்டைதான். செத்தவள் கேட்ட கேள்விக்குப் பதில் வராதவரை அவளைப் பேய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.