எலும்புக்கூட்டின் திணை

குற்றவுணர்வு இல்லாமல் அடித்து நொறுக்க ஓர் எதிரி வேண்டும் என்ற ஆசை மனித மனத்தில் மிகப் பழையது. அசுரன், அரக்கன், மிலேச்சன் என்று காலத்துக்குக் காலம் அதற்கு ஆள் பிடித்திருக்கிறோம். ஆட்களைப் பிடிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. அவர்களுக்கு வாய் இருக்கிறது, தாய் இருக்கிறாள், என்றைக்காவது ஒருநாள் யாராவது அவர்கள் பக்கத்திலிருந்து கதையைச் சொல்லிவிடுகிறார்கள். இந்தச் சங்கடமே இல்லாத எதிரி ஏற்கனவே செத்தவன்தான். கொல்ல முடியாதவனைக் கொன்ற பாவம் யாரையும் சேராது.

இந்த எண்ணம் எனக்கு ஒரு விளையாட்டில் வந்தது. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். பொம்மைச் சிப்பாய்களை வைத்து யுத்தம் நடத்தும் பொழுதுபோக்கிலிருந்து பிறந்தது அது. தேவையானவை காகிதம், பென்சில், பகடைகள். மீதி எல்லாம் பேச்சு. ஒருவர் உலகத்தைச் சொல்லிக்கொண்டு போகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து 'நான் கதவைத் திறக்கிறேன்', 'நான் வாளை ஓங்குகிறேன்' என்கிறார்கள். நிச்சயமில்லாத இடங்களில் பகடை தீர்மானிக்கிறது. சதுரங்கத்தில் சிப்பாயை வெட்டுகிறவன் ஒரு மரக்கட்டையை எடுத்துக் கீழே வைக்கிறான். இங்கே வெட்டுகிறவன் 'நான் வெட்டுகிறேன்' என்று தன் வாயால் சொல்லியாக வேண்டும். 'வெறும் விளையாட்டுத்தானே' என்ற சமாதானம் சதுரங்கத்துக்குப் பொருந்துகிற அளவுக்கு இதற்குப் பொருந்தாது என்பது என் கட்சி.

இந்த ஆட்டத்தில் செத்தும் சாகாதவர்கள் ஒரு தனி வர்க்கம். எலும்புக்கூடுகள், நடக்கும் பிணங்கள், பிணந்தின்னிகள், ரத்தக் காட்டேரிகள் எல்லாம் முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறார்கள். சாவை மறுத்துத் தன்னைத்தானே பிணமாக்கிக்கொண்ட மந்திரவாதியான 'லிச்' 1975-ல் வந்து சேர்ந்துகொண்டான். நம் மொழியில் நடைப்பிணம் என்று உயிரோடிருப்பவனைத்தான் சொல்கிறோம். அங்கே அது உவமை இல்லை.

விதிகளைக் கவனித்துப் படித்தால், இந்த வர்க்கம் எதற்காகப் படைக்கப்பட்டது என்பது தெரிகிறது. 1981-ல் டாம் மோல்ட்வே தொகுத்த ஆரம்பநிலைப் புத்தகத்தில் எதிர்ப்படும் பிராணி எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இரண்டு பகடை உருட்டலாம். அது தாக்கலாம், தயங்கலாம், சிநேகமாகவும் பேசலாம். சண்டை வந்த பிறகும் ஒவ்வொன்றுக்கும் மனத்திடம் என்று ஓர் எண் உண்டு. கோப்ளின் என்ற குட்டிப் பிசாசுக்கு 7. தோழன் விழுந்தால் அது பயந்து ஓடக்கூடும், சரணடையவும் கூடும். எலும்புக்கூட்டுக்கு 12. அதாவது அது ஓடவே ஓடாது. தூக்க மந்திரம் அதைத் தொடாது, வசிய மந்திரமும் தொடாது. மதகுரு தன் சின்னத்தை உயர்த்தி அதை விரட்டலாம், இல்லாவிட்டால் உடைக்கலாம். பேச்சு, பயம், கருணை என்று ஒரு சண்டையை நிறுத்தக்கூடிய வழிகள் அத்தனையும் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டிருக்கின்றன. எஞ்சுவது அடிப்பதற்கான ஒரு பொருள்.

நான் உட்கார்ந்த ஓர் ஆட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் நான்கு பேர், ஆட்டத்தை நடத்துகிறவர் ஒருவர். ஆளில்லாத ஒரு கிராமம், வறண்ட கிணறு, அதன் பக்கத்தில் ஒரு பள்ளம். 'ஆறு எலும்புக்கூடு மேலே ஏறி வருது' என்றார் அவர். அரைமணி நேரத்தில் ஆறையும் நொறுக்கினோம். நடுவில் ஒருவர் அடித்த ஹாஸ்யத்துக்கு நானும் சிரித்தேன். முடிந்த பிறகு அவர் நிதானமாகச் சொன்னார்: எலும்புகள் எல்லாம் குட்டையானவை, ஒன்றின் மணிக்கட்டில் பாசிமணி வளையல் இருக்கிறது, கொள்ளைநோயில் போன ஊர்ப் பிள்ளைகளைப் புதைத்த இடம் இது. 'அந்தப் பிள்ளைங்களைத்தான் எவனோ எழுப்பி விட்டிருக்கான்' என்றார்.

மேஜையில் ஒரு மௌனம். ஒரு நண்பர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, 'இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும்' என்றார். இன்னொருவர், இத்தனை நாள் ஆடியதில் இதுதான் கனமான கட்டம் என்று பாராட்டினார். அன்றிரவு நான் இரண்டாமவர் பக்கம் இருந்தேன். இப்போது முதலாமவர் பக்கம் இருக்கிறேன். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

நாங்கள் செய்தது கொலை அல்ல. பிள்ளைகள் முன்பே செத்துவிட்டார்கள். எங்களிடம் இருந்தது ஒரு பிணத்துக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்ற கேள்வி. நம் வீடுகளில் ஒருவர் இறந்த அரைமணிக்குள் அவர் 'பாடி' ஆகிவிடுகிறார். 'எப்போது எடுக்கிறார்கள்?' என்று கேட்கிறோம். எதை, யாரை என்று சொல்வதில்லை. 'அவர்' என்றால் எடுப்பது என்ற வினை உறுத்துகிறது, 'அது' என்றால் நாக்கு கூசுகிறது. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் நடுவில் அந்த உடம்பு சில மணிநேரம் கிடக்கிறது. சடங்குகள் எல்லாம் அந்தச் சில மணிநேரத்துக்காக ஏற்பட்டவைதான். எங்கள் ஆட்டத்தை நடத்தியவர் 'ஆறு எலும்புக்கூடு' என்று அஃறிணையில் ஆரம்பித்து 'பிள்ளைங்க' என்று உயர்திணையில் முடித்தார். இடையில் நாங்கள் அடித்துவிட்டோம்.

இதை முன்பே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மதகுரு அவற்றை விரட்டியிருக்கலாம். நாங்கள் பின்வாங்கி எழுப்பியவனைத் தேடிப் போயிருக்கலாம். ஒருவேளை அதே ஆறையும் அதேபோல உடைத்தும் இருக்கலாம், ஆனால் யாரையோ திரும்பப் படுக்கவைக்கிற மனத்தோடு. அதே அடி ஓர் ஈமக்கடனாக இருந்திருக்கும். கைவினை ஒன்றுதான், செயல் வேறு. அந்த வித்தியாசம் அறிவதில் இருக்கிறது, அறிவை அவர் தன் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஆகவே அவர் எங்களுக்குத் தந்தது தார்மீக அனுபவம் அல்ல என்று நினைக்கிறேன். அது கடைசி வரியில் திருப்பம் வைக்கிற பத்திரிகைக் கதையின் உத்தி. வாசகனிடமிருந்து ஒரு தகவலை மறைத்து, மறைத்ததை முடிவில் எடுத்து நீட்டி, அவன் திடுக்கிடுவதை ஆழம் என்று கணக்கு எழுதிக்கொள்கிற காரியம். தேர்வு இல்லாத இடத்தில் குற்றவுணர்வைக் கிளப்புவது சுலபம். அது உடம்பில் ஊசி குத்துவதுபோல; வலிப்பது நிஜம், ஆனால் வலித்ததனால் யாரும் எதையும் கற்பதில்லை.

எலும்புக்கூட்டை எலும்புக்கூடாகவே விட்டுவிடுவது இதற்கு மாற்றாகாது. அந்தப் பாதையும் எங்கே போகிறது என்பதற்கு விதிப்புத்தகங்களே சாட்சி. இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு ஜீவனுக்கும் நன்மைச் சார்பா, தீமைச் சார்பா என்று குறிப்பு உண்டு. 1977-ல் வந்த பிராணிகள் புத்தகத்தில் எலும்புக்கூடு இரண்டுமற்ற நடுநிலை. அது நியாயம்தான். மூளையே இல்லாத எலும்புக்கு ஏது நல்லதும் கெட்டதும்? 2003-ல் திருத்தி வெளியிட்ட பதிப்பில் அதே எலும்புக்கூடு தீயது என்றாகிவிட்டது. ஏவியவனிடம் இருந்த பழி ஏவப்பட்டதன் மேல் ஏறிவிட்டது. காரணம் கெட்ட எண்ணமாக இருக்காது. அடிக்கிறவனுக்குச் சௌகரியம் செய்து கொடுக்கும் ஆர்வமாகவே இருக்கும். விளையாட்டுக்கு வெளியிலும் இந்தச் சௌகரியம் இப்படித்தான் வருகிறது.

இதற்கு நேர் எதிரான முயற்சியும் நடந்திருக்கிறது. ஓர் ஆட்டத்தில், நிலவறையின் ஏதோ ஓர் அறையில் காரணமில்லாமல் நின்றுகொண்டிருந்த ரத்தக் காட்டேரியைப் பார்த்து 'இவன் இங்கே என்ன செய்கிறான்?' என்று டிரேசி ஹிக்மனுக்குத் தோன்றியதாம். அந்தக் கேள்வியிலிருந்து அவரும் லாரா ஹிக்மனும் எழுதியது 1983-ல் வெளிவந்த 'ரேவன்லாஃப்ட்'. அதில் வரும் ஸ்ட்ராட், தம்பியின் மணப்பெண்மேல் ஆசை வைத்துத் தம்பியைக் கொன்றவன். அந்தப் பெண் கோட்டைச் சுவரிலிருந்து குதித்தாள். அவள் சாயலில் இன்னொரு பெண் வந்ததும் அவன் மறுபடி அதே பாவத்தைத் தொடங்குகிறான். ஆடுகிறவர்கள் அவனை அழிக்கலாம், ஆனால் அழிப்பது யாரை என்று தெரிந்தே அழிக்கிறார்கள். இங்கே தகவல் வாளுக்கு முன்னால் வருகிறது. நான் கேட்பதும் அதைத்தான்.

ஆனாலும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. ஸ்ட்ராட் பிரபு, அவனுக்குப் பெயரும் பூர்வகதையும் துக்கமும் உண்டு. அவன் கோட்டையில் திரியும் நடக்கும் பிணங்களுக்கு, பழைய காவலாளிகள் என்ற தகவலுக்கு மேல் ஒன்றுமில்லை. 'லிச்'சும் படித்தவன், தன் சாவைத் தானே ஏற்பாடு செய்துகொண்டவன். ஞாபகம் மேல்தட்டுப் பிணங்களின் சொத்தாக இருக்கிறது. எலும்புக்கூடுகள் உயிரோடு இருந்தபோதும் யாருக்கோ உழைத்திருப்பார்கள், செத்த பிறகும் உழைக்கிறார்கள், கணக்கில் 'ஆறு' என்று வருகிறார்கள். ஒவ்வொரு எலும்புக்கும் ஜாதகம் எழுதச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் ஆட்டமும் நடக்காது, துக்கமும் மலிந்துபோகும். அடிக்கும் முன்பு 'இது யார்?' என்று ஒருவன் கேட்க விரும்பினால், கேட்க இடமும் கேட்டால் பதிலும் இருக்க வேண்டும் என்கிறேன்.

விசித்திரம் என்னவென்றால், அந்த இடத்தை ஆட்டமே வைத்திருக்கிறது. 1978-ல் வந்த ஆட்டக்காரர் புத்தகத்தில் மதகுருவின் மூன்றாம்படி மந்திரங்களில் இரண்டு அருகருகே வராவிட்டாலும் ஒரே பட்டியலில் வருகின்றன. ஒன்று பிணத்தை எழுப்பி வேலை வாங்குவது. இன்னொன்று பிணத்தோடு பேசுவது. 2014 பதிப்பிலும் இரண்டும் அதே மூன்றாம் படியில்தான். முயற்சி ஒன்று, விலை ஒன்று. பிணத்தைக் கருவியாக்குவதும் சாட்சியாக்குவதும் கைக்கெட்டும் ஒரே தூரத்தில் இருக்கின்றன. நம் விக்கிரமாதித்தனுக்குத் தோளில் கிடந்த பிணம் சுமை மட்டும் அல்ல. அது கேள்வி கேட்டது. பதில் தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும், பேசினால் பிணம் முருங்கை மரத்துக்குப் போய்விடும். பதில் தெரிந்த ஒவ்வொரு முறையும் ராஜா பேசினான், திரும்ப மரத்துக்கு நடந்தான். காரியம் கெட்டாலும் பிணத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதை அந்தக் கதை சாதாரணமாக எடுத்துக்கொள்கிறது.

எங்கள் மதகுருவிடம் அன்று அந்த மந்திரம் இருந்தது. அதைப் பிரயோகிக்க யாருக்கும் தோன்றவில்லை. 'எலும்புக்கூடு' என்று கேட்டவுடன் கை பகடைக்குப் போய்விட்டது. நடத்தியவர் மறைத்தது பாதிக் குற்றம் என்றால், கேட்காதது மீதிப் பாதி. பென்சிலைக் கீழே வைத்த நண்பர் பிறகு ஆட வரவில்லை. அவரைப் பார்த்தால் சொல்ல வேண்டும், அவர் கோபப்பட்டது நியாயம்தான், ஆனால் அந்தப் பாசிமணி வளையலை நாம் அடிக்கும்போதே பார்த்திருக்க முடியும், விளக்கு நம் கையில்தான் இருந்தது என்று.