பூதகணங்களின் சிரிப்பும் கட்டியக்காரனின் சிரிப்பும்

தெய்வத்தின் முன்னிலையில் அழுகைக்கு இடம் உண்டு என்பதைத் தமிழகத்தின் பக்தி மரபுகள் யாவும் ஒப்புக்கொண்டுள்ளன. உருகுவதும் தழுதழுப்பதும் அன்பின் மெய்யான அடையாளங்கள் என்பதில் சைவத்துக்கும் வைணவத்துக்கும் வேறுபாடு இல்லை. சிரிப்புக்கு அதே இடம் உண்டா என்பதுதான் எளிதில் தீராத வினா. சிரிப்பவன் தான் சிரிக்கும் பொருளிலிருந்து ஓரடி விலகி நிற்கிறான். வழிபாடோ அந்த விலகலைக் குறைத்துக்கொண்டே போவது. அப்படியிருக்க, காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி வட்டாரங்களின் திரௌபதியம்மன் கோயில்களில், பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் முடிவில் படுகளமும் தீமிதியுமாக நடக்கும் பாரத விழாவில், விரதம் இருந்து காப்புக் கட்டிக்கொண்டவர்களின் எதிரிலேயே கட்டியக்காரன் என்னும் கோமாளி விடியவிடியச் சிரிக்கவைப்பது எந்த நியாயத்தால் வழிபாட்டின் பகுதியாகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்த மண்ணின் கூத்துக் குழுக்கள் புதிய நாடகங்களையும் புதிய நகைச்சுவையையும் மேடையேற்றி வரும் காலத்தில், அக்கேள்விக்கான விடையே அவற்றை மதிப்பிடும் அளவுகோலாகவும் அமையும்.

சிரிப்பைக் குற்றமாகக் கருதும் பக்கத்துக்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. முருகன் தலமான வல்லக்கோட்டையிலிருந்து சிறிது தொலைவில் உள்ள ஸ்ரீபெரும்புதூரின் தலபுராணமே அதைச் சொல்கிறது. சிவபெருமான் சடை விரிய ஆடியபோது அருகில் இருந்த பூதகணங்கள் சிரித்துவிட்டன. அதனால் அவை அவரது சன்னிதியிலிருந்து விலக்கப்பட்டன. பிறகு திருமாலை நோக்கித் தவம் இருந்து, ஆதிகேசவனாகத் தோன்றிய அவரது அருளால் அனந்தசரஸ் என்னும் குளத்தில் நீராடிப் பழைய நிலையை அடைந்தன. நன்றியாக அவை எழுப்பிய ஊரே பூதபுரி என்று பெயர் பெற்றது. பின்னாளில் இராமானுசரின் அவதாரத் தலமாகப் புகழ்பெற்ற ஊரின் தொடக்கக் கதை, ஆட்டத்தைப் பார்த்துச் சிரித்த பார்வையாளர்களைப் பற்றியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆடியவர் இறைவன், பார்த்தவர்கள் அவருடைய அணுக்கர்கள். குற்றம் அவர்கள் சிரித்ததிலா, சிரித்த விதத்திலா என்பதைக் கதை வெளிப்படையாகச் சொல்லவில்லை.

விடைக்குத் தொல்காப்பியம் ஒரு வழி காட்டுகிறது. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு எண்வகையாகப் பகுக்கும் அந்நூல், அவற்றுள் நகையை முதலில் வைக்கிறது. பிறரை இகழும் எள்ளல், குழந்தைத்தன்மையாகிய இளமை, அறிவின்மையாகிய பேதைமை, கேட்டதை ஆராயாமல் ஏற்கும் மடன் ஆகிய நான்கும் நகை பிறக்கும் நிலைக்களங்கள் என்கிறது. பேராசிரியர் என்னும் உரையாசிரியர் இதற்கு விளக்கம் எழுதும்போது, எள்ளல் என்பது தான் பிறரை எள்ளி நகுவது மட்டுமாகாது, பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தானும் நகுவதும் அதில் அடங்கும் என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார். இந்தப் பிரிவு இலக்கண நுட்பம் என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. முதல் வகையில் சிரிப்பவன் மேலே நிற்கிறான், சிரிக்கப்படுபவன் கீழே நிற்கிறான். இரண்டாம் வகையில் சிரிப்பவனே சிரிப்புக்குப் பொருளாகி, தன்னைப் பற்றித் தான் கொண்டிருந்த பெருமிதத்தைக் கைவிடுகிறான். பூதகணங்களின் சிரிப்பு முதல் வகையைச் சேர்ந்தது என்று கொண்டால், தண்டனையின் காரணம் விளங்கும்: ஆடுபவர் யார் என்பதை மறந்ததோடு, பார்க்கும் தாங்கள் யார் என்பதையும் அவை மறந்தன.

வடமொழி நாடக இயலும் வேறு வழியில் இதே இடத்துக்கு வருகிறது. கி.பி. 1000-ஐ ஒட்டிக் காஷ்மீரத்தில் வாழ்ந்த அபிநவகுப்தர், நாட்டிய சாஸ்திரத்துக்கு எழுதிய உரையில், எந்தச் சுவையானாலும் அதன் ஆபாசம் நகைச்சுவையாக மாறும் என்று விளக்குகிறார். ஆபாசம் என்ற சொல் இன்றைய தமிழில் அருவருப்பானதைக் குறித்தாலும், அங்கே அதன் பொருள் போலித் தோற்றம் என்பதே. போலி வீரமும் போலிக் காதலும் போலித் துறவும் சிரிப்பை எழுப்புகின்றன. அப்படியானால் நகை என்பது மெய்யையும் போலியையும் பிரித்துக் காட்டும் உரைகல் ஆகிறது. மெய்யான பக்தி அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

கூத்தின் அமைப்பு இந்த உரைகல்லைத் தன் வாசலிலேயே வைத்திருக்கிறது. கட்டியம் என்பது அரசனின் விருதுகளை உரக்கக் கூறி அவன் வருகையை அறிவிப்பது. அந்த வேலைக்காரனே கட்டியக்காரன். மேளக்கட்டு என்னும் தொடக்க இசை முடிந்து கடவுள் வாழ்த்து ஆனதும் அவன் வந்து கதையைச் சொல்கிறான். பின்னர் இருவர் பிடித்த திரைக்குப் பின்னால், கிரீடமும் புஜகீர்த்தியும் மார்புப் பதக்கமும் அணிந்த வேடம் தன் பெருமையைப் பாடும்போது, வந்திருப்பது யார் என்று கேட்கிறான். தலையிலும் தோளிலும் கட்டும் இந்த மர அணிகளே கட்டை எனப்படுவதால், காஞ்சிபுரத்து மரபு கட்டைக்கூத்து என்று பெயர் பெற்றது. மூவுலகும் நடுங்க ஆள்வதாக முழங்கும் அரசனிடம் ஊர், பேர், குலம் விசாரிக்கும் அந்தக் கேள்வி பார்வையாளர்களைச் சிரிக்கவைக்கிறது. ஆனால் தத்துவ நூல்கள் கேட்கும் கேள்வியும் அதுவே. நான் என்று சொல்லிக்கொள்ளும் பொருள் யாது, அதன்மேல் ஏற்றப்பட்ட பட்டங்களைக் கழித்தால் எஞ்சுவது எது என்பதைக் கட்டியக்காரன் வேதாந்தச் சொற்கள் இல்லாமல் கேட்டுவிடுகிறான். கேட்பவன் தன்னை உயர்த்திக்கொள்வதும் இல்லை. அரசனுக்குச் சேவகனாகவும் அரசிக்குத் தோழியாகவும் தூதனாகவும் மாறி மாறி வந்து, முதலில் தன்னையே கேலிப்பொருளாக்கிக்கொண்ட பிறகுதான் பிறர்மேல் கைவைக்கிறான். பேராசிரியர் பிரித்த இரண்டாம் வகை நகை அவனிடம் உருவம் கொள்கிறது.

இந்த நகைக்குக் காஞ்சியில் மிகப் பழைய முன்னோடி உண்டு. ஏழாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் ஆண்ட பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசம் என்னும் பிரகசனம், அதாவது எள்ளல் நாடகம், காஞ்சி நகரத் தெருவிலேயே நிகழ்கிறது. சத்தியசோமன் என்னும் காபாலிகன், தன் துணைவி தேவசோமையுடன் குடித்துத் திரியும்போது பிச்சைப் பாத்திரமாகிய மண்டையோட்டைத் தொலைத்துவிடுகிறான். நாகசேனன் என்னும் பௌத்தத் துறவி எடுத்திருப்பான் என்று பழி சுமத்துகிறான். வழக்கைத் தீர்க்க ஒரு பாசுபதன் அழைக்கப்படுகிறான். ஒன்றும் தீராத நிலையில், நாயிடமிருந்து அதைப் பறித்துவைத்திருந்த பித்தன் ஒருவன் வர, உண்மை வெளிப்படுகிறது. மதுவையும் மாதரையும் புத்தர் விலக்கியிருக்க முடியாது, பொறாமை கொண்ட முதியவர்கள்தாம் மூலநூலிலிருந்து அந்த அனுமதியை நீக்கியிருப்பார்கள் என்று நாகசேனன் ஐயுறும் இடம், வேண்டியதைச் சாத்திரத்தில் தேடும் எல்லாச் சமயத்தாருக்கும் பொருந்துவது. திருச்சிராப்பள்ளிக் கல்வெட்டு சிவலிங்க வழிபாட்டுக்குத் திரும்பியதாகக் கூறும் அரசன், சைவத்தின் இரு பிரிவினரையும் விட்டுவைக்காமல் எழுதியதே இந்நாடகத்தின் நேர்மை.

காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள மாமண்டூர்க் குடைவரைக் கல்வெட்டில் மத்தவிலாசத்துடன் சேர்த்துக் குறிக்கப்படும் பகவதஜ்ஜுகம், ஆசிரியர் மகேந்திரவர்மனா போதாயனரா என்ற கருத்து வேறுபாட்டுக்கு உரியதாயினும், இன்னும் ஆழமான நாடகம். உடல் வேறு உயிர் வேறு என்று போதிக்கும் துறவி, உணவுக்காகவே துறவு பூண்ட சீடனுக்கு அதை மெய்ப்பிக்க, இறந்து கிடக்கும் கணிகையின் உடலில் புகுகிறார். ஆள் மாற்றி உயிரைக் கவர்ந்துவிட்ட எமதூதன் திரும்பி வந்து, வேறு வழியின்றிக் கணிகையின் உயிரைத் துறவியின் உடலில் வைத்துவிடுகிறான். கணிகை வேதாந்தம் பேசுகிறாள், துறவி காதலனைத் தேடுகிறார். பார்ப்பவர்கள் சிரிக்கும் அந்தக் கணத்திலேயே, மனிதரை உடையையும் உருவத்தையும் கொண்டு அடையாளம் காணும் தங்கள் பழக்கம் எவ்வளவு நொய்மையானது என்பதை உணர்ந்துவிடுகிறார்கள். மத்தவிலாசமோ கேரளக் கோயில்கள் சிலவற்றில் சாக்கையர் என்னும் கூத்தர்கள் நிகழ்த்தும் நேர்த்திக் கூத்தாகவே ஆகிவிட்டது. சமயத்தாரை எள்ளிய நாடகம் சன்னிதிக்குரிய காணிக்கையானதே இங்கு எழுந்த வினாவுக்கு வரலாறு தரும் விடை.

சைவ மரபு இந்த விடையை இறைவன்மேலேயே ஏற்றிச் சொல்கிறது. முப்புரத்தை அழிக்க மலை வில்லும் பாம்பு நாணும் பூட்டித் தேரேறிய சிவபெருமான், அவற்றைப் பயன்படுத்தாமல் ஒரு சிரிப்பால் எரித்தார் என்பது கதை. அந்த மூன்று கோட்டைகள் ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களின் செயலே என்று பொருள் உரைத்தவர் திருமூலர். ஆணவம் என்பது உயிரைத் தன் அளவுக்குள் சுருக்கி வைக்கும் இருள். அதனுடன் போரிட்டால், போரிட்டு வென்றவன் நான் என்று அது மீண்டும் முளைக்கும். சிரிப்பின் முன் அதற்கு நிற்க இடமில்லை. பிள்ளையாரை நினையாமல் புறப்பட்டதால் அந்தத் தேரின் அச்சு முறிந்த இடம் என்று அச்சிறுபாக்கத்தைக் காட்டும் தொண்டைநாட்டு மரபு, இறைவனின் பெரும் புறப்பாட்டிலும் ஒரு நகைக்கு இடம் வைத்திருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்வாதத்துக்கும் நேர்மையாக இடம் தர வேண்டும். கூத்தில் எழும் சிரிப்பு எல்லாம் இத்தகையது என்று கொள்ள முடியாது. இரட்டைப் பொருள் பேச்சும், பெண்களையும் ஊனமுற்றோரையும் சாதியால் தாழ்த்தப்பட்டோரையும் இழிக்கும் கேலியும் மேடையில் எளிதாகக் கைதட்டு வாங்குகின்றன. இவை ஆபாசம் என்னும் சொல்லின் இன்றைய பொருளுக்குரியவை. போலியை அம்பலப்படுத்தாமல், எளியவரை மேலும் எளியவராக்குபவை. அந்தச் சிரிப்பு பூதகணங்களின் சிரிப்பே. மரபே இதை அறிந்திருக்கிறது என்பதற்குத் துகிலுரிதல் காட்சி சான்று: துச்சாதனன் வேடக்காரர் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் பொறுத்தருள வேண்டுவதும், கட்டியக்காரன் கேலியை ஒதுக்கிவிட்டு அறத்தின் பக்கம் நின்று பேசுவதும் பல குழுக்களின் வழக்கம். சிரிப்பு எங்கே நிற்க வேண்டும் என்பதும் நகைக்கலையின் ஒரு பகுதிதான்.

புதிய ஆக்கங்களை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் வழிவந்த மன்றம், பாரதக் கதைகளோடு நிற்காமல் ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்டின் நாடகத்தையும், காப்ரியேல் கார்சியா மார்க்வெஸின் பெரிய சிறகுகளுடைய முதியவர் கதையையும் கூத்தாக்கியது. முற்றத்தில் விழுந்த சிறகுள்ள கிழவரைக் கோழிக்கூட்டில் அடைத்துக் காட்சிக் கட்டணம் வாங்குகிறார்கள். அவருக்கு லத்தீன் தெரியவில்லை என்பதால் பாதிரியார் அவர் தேவதூதரா என்று ஐயுறுகிறார். கொலம்பியக் கடற்கரைக் கதை என்றாலும், கண்ணெதிரே வந்த தெய்வத்திடம் சான்றிதழ் கேட்கும் மனிதரைக் காட்டுவதால் அது நாகசேனனின் காஞ்சிக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கமும், அது 2002 முதல் 2020 வரை புஞ்சரசந்தாங்கலில் நடத்திய குருகுலமும், ஆண்களுக்கே உரியதாயிருந்த ஆட்டத்தைப் பெண் பிள்ளைகளுக்கும் கற்பித்தன. கேலிக்குப் பொருளாக மட்டும் மேடையில் பேசப்பட்டவர்கள் தாங்களே வேடம் கட்டும்போது, சிரிப்பின் திசையும் மாறியாக வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-இலும் ஒரகடத்தில் 2010-இலும் கார் ஆலைகள் உற்பத்தி தொடங்கிய பிறகு, வல்லம் வடகால் வரை தொழிற்பேட்டைகள் பரவிய இந்த நிலப்பகுதியில், இரவு ஷிப்ட் முடிந்து வருபவருக்கும் காலை ஷிப்டுக்குப் போகிறவருக்கும் விடியும்வரை உட்கார்ந்திருக்க நேரம் இல்லை. எனவே கூத்து இரண்டு மூன்று மணி நேரமாகச் சுருங்குவது தவறாகாது. ஆனால் சுருக்கும்போது திரைக்கு முன் நடக்கும் அந்த விசாரணை வெட்டப்பட்டு, துணுக்குகள் மட்டும் எஞ்சினால், நகையின் உயிர் போய்விடும். எண்ணாகவும் அடையாள அட்டையாகவும் ஆலை வாசலில் அறியப்படும் மனிதருக்கு, நீ யார் என்று அன்போடும் கேலியோடும் கேட்கும் ஒருவன் முன்னெப்போதையும்விட இப்போது தேவைப்படுகிறான்.

அருணகிரிநாதர் கோடைநகர் என்று பாடிய வல்லக்கோட்டையில், ஏழடி உயர முருகன் திருவுருவத்தின் முன் சொல்லப்படும் தலக்கதையும் செருக்கைப் பற்றியதே: பகீரதன் என்னும் அரசன் நாரதரை மதியாத செருக்கால் நாட்டை இழந்து, பணிந்து மீண்டான். அருகருகே உள்ள இரு தலங்களில் ஒன்று செருக்கால் வீழ்ந்த அரசனையும், மற்றொன்று சிரிப்பால் வீழ்ந்த கணங்களையும் நினைவில் வைத்திருக்கின்றன; இரண்டு கதைகளும் வீழ்ச்சியோடு முடிவதில்லை. சிரித்த கணங்கள் தங்களை அறிந்து திரும்பின, திரும்பியவை ஓர் ஊரையே எழுப்பின. சன்னிதியில் சிரிக்கலாமா என்ற வினாவுக்கு விடை அந்தத் திரும்புதலில் இருக்கிறது: எந்தச் சிரிப்பின் முடிவில் சிரித்தவரின் தலை தானாகத் தாழ்கிறதோ, அந்தச் சிரிப்பு அங்கேயே நிற்கலாம், புதிய நாடகங்கள் அந்தச் சிரிப்பைத் தேட வேண்டும்.