கதிரரிவாளும் கணக்கேடும்

நெற்கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. ஆளைக் கொண்டு அறுப்பதா, இயந்திரத்தைக் கொண்டு அறுப்பதா? வரப்பின் மேல் நிற்கும் நிலக்காரருக்கு இது ஒரு நாள் வேலையைப் பற்றிய கேள்வி. பொருளியல் கற்றோர்க்கு இது உற்பத்திச் செலவைப் பற்றிய கேள்வி. மார்க்கம் கற்றோர்க்கோ, மறுமையிலும் விடை கூற வேண்டிய கேள்வி. இம்மூன்றையும் ஒருங்கே வைத்து எண்ணிப் பார்ப்பதே நம் நோக்கம்.

1895-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்து வந்து கம்பம் பள்ளத்தாக்கை வளப்படுத்துகிறது. லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் இந்நீரை நம்பியே இருக்கிறது. உத்தமபாளையத்தைச் சூழ்ந்த வயல்களும் அவற்றுள் அடங்கும். முன்னாளில் இவ்வயல்களில் அறுவடை என்றால் ஊரே திரண்டு நிற்கும். அறுப்போர், கட்டுச் சுமப்போர், களத்தில் அடிப்போர், தூற்றுவோர் என ஆணும் பெண்ணுமாக வேலை நடக்கும். எல்லாம் முடிந்த பின் சிந்திய கதிரைப் பொறுக்க வருவோரும் உண்டு. இன்று ‘பெல்ட் வண்டி’ என மக்கள் வழங்கும் அறுவடை இயந்திரம் வயலில் இறங்குகிறது. அறுப்பு, அடிப்பு, தூற்றல் மூன்றையும் தானே முடித்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓர் ஏக்கர் நெல்லைக் கொட்டிவிட்டு அடுத்த வயலுக்கு நகர்கிறது.

இம்மாற்றத்திற்குப் பொருளியல் கூறும் காரணம் மிக எளிது. எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கருக்கு 20 ஆட்கள் வேண்டும். ஆள் ஒன்றுக்குக் கூலி 150 ரூபாய் எனில் செலவு 3,000 ரூபாய். இயந்திர வாடகை 4,000 ரூபாய் எனில் நிலக்காரர் ஆட்களையே அழைப்பார். கூலி 400 ரூபாயாக உயர்ந்தால் ஆட்செலவு 8,000 ஆகும். அவர் இயந்திரத்தை அழைப்பார். மனிதரும் அவரே, வயலும் அதுவே. விலைகள் மட்டுமே மாறின. பெரிய தொழிற்சாலையும் இவ்வாறே கணக்கிடுகிறது. உழைப்பின் மீது செலவிடும் கடைசி ரூபாய் தரும் விளைவையும், கருவியின் மீது செலவிடும் கடைசி ரூபாய் தரும் விளைவையும் அது ஒப்பிடுகிறது. எது மிகுதியாகத் தருகிறதோ அதன் பக்கம் பணத்தை நகர்த்துகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் செலவு மிகக் குறைந்து நிற்கும் என்பது அதன் விதி.

இவ்விதிக்கு அன்புமில்லை, பகையுமில்லை. இதே பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலைப் பாருங்கள். கவாத்து செய்வதும், கொடியைப் பந்தலில் படர விடுவதும், பழக்குலையை நசுங்காமல் கொய்வதும் இன்றும் மனிதக் கைகளே. அங்கே கைக்கு நிகரான மலிவான கருவி வாய்க்கவில்லை. ஆகவே நெல் வயலில் ஆளை வேண்டாம் என்ற அதே உழவர், திராட்சைத் தோட்டத்திற்கு ஆள் தேடி அலைவதுண்டு. நெல் வயலில் அவர் கொடியவருமல்லர், தோட்டத்தில் வள்ளலுமல்லர். இரண்டிடத்திலும் கணக்குப் பார்க்கிறார், அவ்வளவே.

அங்ஙனம் கணக்குப் பார்ப்பது பாவமா? அன்று. கருவியை நம் மார்க்கம் வெறுக்கவில்லை. தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததை இறைவன் தன் அருட்கொடையாகவே எடுத்துரைக்கின்றான். செலவையும் ஷரீஅத் புறக்கணிக்கவில்லை. மழையாலும் ஆற்றாலும் விளைந்த பயிரில் பத்தில் ஒன்று ஏழையின் பங்கு. இறைத்துப் பாய்ச்சி விளைந்ததில் இருபதில் ஒன்றே போதும். ‘உஷ்ர்’ எனும் இச்சட்டத்தில், பாடுபட்டவனின் சுமை கருதி வீதமே பாதியாகக் குறைக்கப்பட்டது. உழவனின் செலவு அல்லாஹ்வின் சட்டத்தில் ஏறியிருக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும் அதே சட்டத்தில் மற்றொரு நுட்பம் உண்டு. அறுப்புக் கூலி, மாட்டுச் செலவு முதலியவற்றைக் கழித்துவிட்டு எஞ்சியதில் உஷ்ர் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு, கூடாது என்று ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் விடை கூறுகின்றன. விளைந்தது முழுவதிலிருந்தும் ஏழையின் பங்கு முதலில் பிரிய வேண்டும். ஆளைக் கொண்டு அறுத்தாலும், இயந்திரத்தைக் கொண்டு அறுத்தாலும் அப்பங்கு குறையாது. செலவைச் சுருக்கும் உரிமை நமக்கு உண்டு. ஏழையைச் சுருக்கும் உரிமை இல்லை.

திருக்குர்ஆனின் ‘அல்கலம்’ அத்தியாயத்தில் வரும் தோட்டக்காரர்களை இங்கே நினைவுகூர்தல் தகும். வைகறையிலேயே சென்று கனிகளைக் கொய்துவிடுவதென அவர்கள் உறுதி பூண்டனர். ஏழை எவனும் அன்று தோட்டத்திற்குள் நுழைந்துவிடலாகாதெனத் தமக்குள் மெல்லப் பேசிக்கொண்டு நடந்தனர். சென்று பார்த்தபோது தோட்டமே அழிந்து கிடந்தது. விரைந்து அறுவடை செய்ய விரும்பியதா அவர்கள் குற்றம்? இல்லை, ஏழையின் கண்ணில் படாமல் அறுக்க விரும்பியதே குற்றம். விளக்கேற்றி இரவிலும் அறுக்கும் இயந்திரம் நம்மிடம் இருக்கிறது. மழைக்கு அஞ்சி இரவில் அறுப்பவரும் உண்டு. கேட்க வருவோருக்கு அஞ்சி அறுப்பவரும் இருக்கலாம். வெளித்தோற்றம் ஒன்றே. நிய்யத்து வேறு. அதை அறிபவன் ஒருவன் இருக்கின்றான்.

“ஆளே கிடைப்பதில்லையே, நாங்கள் என்ன செய்வோம்?” என நிலக்காரர்கள் கேட்பது நம் செவியில் விழாமலில்லை. அதில் உண்மையும் உண்டு. விடியுமுன்னே இப்பகுதியின் தெருக்களிலிருந்து தொழிலாளர்கள் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து இடுக்கி மலையின் ஏலத் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். முற்றிய பயிர் ஆளுக்காகக் காத்திராது. மழை பெய்தால் கதிரிலேயே நெல் முளைத்துவிடும். நிலக்காரரும் பலர் சிறு உழவரே, கடன்பட்டவரே. அவர்கள் இயந்திரத்தை அழைப்பதில் நாம் குறை காணோம். இடுப்பொடியக் குனிந்து அறுக்கும் பாடு தன் மகளுக்கும் தொடர வேண்டுமென எந்தத் தாயும் விரும்ப மாட்டாள்.

ஆனால் ‘உழைப்பு’ என்று கணக்கேடு ஒரே சொல்லில் எழுதுவதற்குள் பல மனிதர் இருக்கின்றனர். மலையேறிச் சென்று கூடுதல் கூலி பெறுவோர் வலுவுள்ளோர். மலையேற முடியாத அறுபது வயது விதவைக்குப் போக்கிடம் எது? அறுப்புக்கு ஆகாவிடினும் தூற்றுவதற்கு ஆவாள். தூற்ற முடியாவிடினும் சிந்திய கதிரைப் பொறுக்குவாள். வயலின் ஓரத்தில் அவளுக்கு இருந்த அவ்விடம் இயந்திரத்தோடு போயிற்று. ஆள் குறைவு என்ற வாதம் அவள் விஷயத்தில் செல்லாது. அவள் இங்கேதான் இருக்கிறாள். இயந்திரத்தை வாடகை கொடுத்து அனுப்பிவிட்டால் அதற்கும் நமக்கும் தொடர்பு அற்றது. அவளோ அடுத்த தெருவில் வாழ்கிறாள். பசித்த அண்டை வீட்டாரைப் பற்றி நாம் வினவப்படுவோம்.

செய்யத்தக்கவை அரியன அல்ல. இயந்திரம் எட்டாத வயல் மூலைகளையும், சாய்ந்த பயிரையும் கையால் அறுத்தே ஆக வேண்டும். அவ்வேலையை நெடுநாள் நம் வயலுக்கு வந்தோருக்கே கொடுக்கலாம். வியர்வை உலரும் வரை கூடக் கூலியைத் தாமதிக்கலாகாதெனக் கற்பித்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அன்றே கொடுத்துவிடலாம். வண்டியைக் காட்டி மிரட்டிக் கூலியைக் குறைக்காதிருக்கலாம். உஷ்ரை அறுவடை நாளிலேயே அளந்து வைக்கலாம். இயந்திரத்தால் மிஞ்சியதில் ஒரு சிறு பகுதியை மஹல்லாவின் பைத்துல்மாலில் சேர்த்தால், வேலை இழந்த வீட்டின் பிள்ளை அதே இயந்திரத்தை ஓட்டவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொள்ள வழி பிறக்கும்.

மிகக் குறைந்த செலவு எது என்று நம் கணக்கேடு துல்லியமாகக் கூறிவிடும். அச்செலவில் யாருடைய இழப்பு எழுதப்படாமல் விடுபட்டது என்பதை அது கூறாது. விடுபட்டதையும் குறித்து வைக்கும் ஏடு ஒன்று உண்டு. ஒரு நாள் அது நம் கையில் தரப்படும். அந்நாளில் அதனை வலக்கரத்தில் பெறும் பேற்றினை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக. ஆமீன்.