காரும் கௌரவமும்

 

ஒருவன் ஏறிச் செல்லும் வாகனத்திற்கும் அவனுடைய மதிப்பிற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால், இல்லையென்றே நாம் அனைவரும் விடை சொல்வோம். ஜும்ஆ பயானில் இதைக் கேட்டால் தலையசைக்கவும் செய்வோம். ஆனால் தொழுகை முடிந்து பள்ளிவாசலுக்கு வெளியே வந்ததும், வரிசையாய் நிற்கும் கார்களைப் பார்த்து, எவருக்கு முந்திக்கொண்டு ஸலாம் சொல்வது, எவருக்குத் தலையை மட்டும் அசைப்பது என்று நம் கண்கள் முடிவு செய்துவிடுகின்றன. வாய் சொல்லும் விடை ஒன்று. கண் சொல்லும் விடை வேறொன்று. இதைப் பற்றிச் சற்று ஆராய்வோம்.

செபராங் ஜெயாவில் கடை வைத்திருக்கும் நம்மவர் ஒருவர் தம் மெர்சிடிஸ் காரை விற்றுவிட்டுப் பெரோடுவா மைவி ஒன்றை வாங்கினார். கடை வழக்கம்போல் திறந்திருந்தது. சரக்குக் குறையவில்லை. வேலையாட்களின் சம்பளம் ஒரு நாளும் பிந்தவில்லை. ஆயினும் ஒரு வாரத்திற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. “என்ன நானா, கார் சின்னதாய்ப் போய்விட்டதே, வியாபாரமெல்லாம் எப்படி?” என்று துக்கம் விசாரிப்பவர்போல் கேட்டார் ஒருவர். “பழைய பாக்கியை இந்த மாதமே கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள் பாய்” என்றார், அதுவரை மூன்று மாதத் தவணைக்குச் சரக்குப் போட்டு வந்த மொத்த வியாபாரி. வீட்டில் நடந்துகொண்டிருந்த கல்யாணப் பேச்சும் சற்றே மெதுவாயிற்று. அவர் விற்றது ஒரு காரை. ஊரோ அவருடைய கௌரவமே விலைபோய்விட்டதாக எடுத்துக்கொண்டது.

அவர் செய்தது சரியா என்பதை முதலில் கணக்கு வழியே பார்ப்போம். நாம் வியாபாரிகள், கணக்கே நம் பாஷை. 300,000 வெள்ளி விலையுள்ள ஒரு கார். பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டி, மீதி 270,000 வெள்ளியை ஒன்பது ஆண்டுத் தவணைக்கு எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கடன்தொகை முழுவதன் மீதும் ஆண்டுதோறும் நூற்றுக்கு 3 வீதம் போட்டால், முதலுக்கு மேல் 72,900 வெள்ளி சேருகிறது. 108 மாதங்களுக்கு மாதம் 3,175 வெள்ளி கட்டவேண்டும். 50,000 வெள்ளிக் கடனில் சிறிய கார் எடுத்தால், அதே கணக்கின்படி மாதம் ஏறத்தாழ 588 வெள்ளி. சாலை வரியோ, தீபகற்ப மலேசியாவில் தனியாருடைய 3,000 சி.சி. காருக்கு ஆண்டுக்கு 2,130 வெள்ளி, 1,500 சி.சி. காருக்கு 90 வெள்ளி.

தவணையில் மட்டும் வித்தியாசம் மாதம் 2,587 வெள்ளி. 2025ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் ஒரு தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. ஆக, ஒரு முழு ஆளின் சம்பளமும் அதற்கு மேலும் மாதந்தோறும் பெரிய காருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. காரின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. தவணையோ ஒரு காசும் இறங்குவதில்லை.

இந்தக் கணக்கு நம்மில் எவருக்கும் தெரியாததன்று. தெரிந்திருந்தும் பலர் இறங்க மாட்டாமல் தவிப்பதற்குக் காரணம் யாது? வெறும் ஆடம்பர ஆசை என்று சொல்லிவிடுவது எளிது. உண்மை அதுவன்று. நம் தொழில் பற்று வரவில் நடப்பது. மொத்த வியாபாரி நம் கல்லாவைத் திறந்து பார்ப்பதில்லை. வாசலில் நிற்கும் காரைப் பார்க்கிறார். பெரிய காரைப் பார்த்தால் சரக்கு வருகிறது, சிறிய காரைப் பார்த்தால் பாக்கி கேட்கிறார். ஆகவே கார் பலருக்கு ஏறிச்செல்லும் வாகனமாக இல்லை. கடன் வாங்கக் கொடுக்கும் ஜாமீனாக இருக்கிறது. அதிலிருந்து இறங்கினால் தொழிலே இறங்கிவிடுமோ என்று அஞ்சுகிறார்கள். இந்த அச்சம் பொய்யான அச்சமென்று நாம் சொல்லமாட்டோம். மேலே சொன்ன சகோதரருக்கு நடந்ததே அதற்குச் சாட்சி.

ஆனால் இங்கேதான் தராசைச் சரியாகப் பிடிக்கவேண்டும். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது, மேலே காய்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாயிருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். நனைந்ததை மேலே வைத்து மக்கள் பார்க்கும்படி செய்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று அண்ணலார் கண்டித்த செய்தியை மதரஸாவில் ஓதாதவர் நம்மில் எவர்? தானியம் நனைந்தது அவர் குற்றமன்று. காய்ந்ததை மேலே பரப்பியதே குற்றம்.

வியாபாரம் நொடிவதும் அதுபோன்றதே. மழையைப்போல் அது எவருக்கும் வரும். நொடிந்ததை மறைக்கப் பெரிய காரை வாசலில் நிறுத்தி, அதைக் காட்டிச் சரக்குக் கடன் வாங்குவது, ஈரத்தின்மேல் காய்ந்த தானியத்தைப் பரப்புவதற்குச் சமமாகுமா, ஆகாதா? வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லையே என்று வாதிக்கலாம். குவியல் வைத்திருந்தவரும் வாயால் பொய் சொல்லவில்லை. எடைக்கல்லில் குறைவு செய்ய அஞ்சுகிற நாம், வாசலில் நிற்கும் அந்தப் பெரிய எடைக்கல்லைப் பற்றி யோசிப்பதில்லை.

“அல்லாஹ் தந்த நிஃமத்தை வெளியே காட்டுவது நன்றியல்லவா?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. உள்ளவன் நல்லதை உடுத்துவதையும் நல்லதில் ஏறுவதையும் மார்க்கம் தடுக்கவில்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வியாபாரம் செய்தவர்கள். நல்ல ஆடை உடுத்தியவர்கள். ஆனால் பழுதுள்ள ஒரு துணியின் பழுதைச் சொல்லாமலே கூட்டாளி விற்றுவிட்டார் என்று அறிந்ததும், அந்த விற்பனைப் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்பது வரலாறு. நல்ல ஆடையையும் மறைத்த பழுதையும் அவர்கள் ஒன்றாக எண்ணவில்லை. நாமும் பிரித்துப் பார்ப்போம். கைமுதலில் வாங்கிய கார் நிஃமத்தாக இருக்கலாம். தவணை கட்ட மாட்டாமல் நண்பர்களிடம் கைமாற்று வாங்கி ஓட்டும் காரை நிஃமத் என்று எப்படிச் சொல்வது?

மற்றொரு மறுப்பும் உண்டு. மலிவு வண்டி பழுதுக்குப் பழுது காசு கேட்கும், முடிவில் அதுவே விலை கூடியதாகும் என்பர். 2008ஆம் ஆண்டில் திரெங்கானு மாநில அரசு, புரோட்டோன் பெர்டானா கார்களின் பழுதுச் செலவு மிகுதியென்று காரணம் காட்டி, ஏறத்தாழ 34 லட்சம் வெள்ளியில் 14 மெர்சிடிஸ் கார்களை வாங்கியது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. மலிவானதெல்லாம் சிக்கனமாகாது என்பது மெய்தான். ஆகையால் சிறிய கார் வாங்குகிறவரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாகாது. சிறிய காராயினும் கடன் கடன்தான். இந்தியப் பிரதமராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி 12,000 ரூபாய் பியட் கார் ஒன்றிற்காக 5,000 ரூபாய் வங்கிக் கடன் வாங்கினார். 1966 ஜனவரியில் அவர் காலமானபின், அவருடைய மனைவி லலிதா அம்மையார் தம் ஓய்வூதியத்திலிருந்து அதை அடைத்தார்.

நிற்க. பெரியவர்கள் எளிய வாகனத்தில் சென்றதால் மதிப்பு இழந்தார்களா? உமர் (ரலி) அவர்கள் ஜெருசலத்தின் சாவிகளைப் பெறச் சென்றபோது, ஒரே ஒட்டகத்தில் பணியாளும் தாமுமாக முறைவைத்து ஏறிச் சென்றதாகச் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். நம் ஊர்ப்பக்கமே பார்ப்போம். 1985இல் பினாங்குப் பாலத் திறப்பின்போது பிரதமர் மகாதீர், அப்பொழுதுதான் வெளிவந்த புரோட்டோன் சாகாவை ஓட்டிக்கொண்டே பாலத்தைக் கடந்தார். 2022 நவம்பரில் பிரதமரான அன்வார் இப்ராஹிம், முன்னரே வாங்கப்பட்டிருந்த மெர்சிடிஸ் எஸ்600 கார் தமக்கு வேண்டாமென்று சொல்லி, அலுவலகத்தில் இருக்கும் ஏதேனும் ஒரு காரே போதும் என்றார். செபராங் ஜெயா அடங்கிய பெர்மாத்தாங் பாவ் தொகுதிக்கு 1982 முதல் 1999 வரையும், 2008 முதல் 2015 வரையும் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்தவர் அவர். அச்செயலால் அவர் மதிப்பு ஓர் அணுவும் குறையவில்லை; பலர் புகழவே செய்தனர்.

ஆனால் இந்த உதாரணங்களைக் காட்டி ஒரு கடைக்காரரை இறங்கச் சொல்வது முழு நியாயம் ஆகாது. கலீஃபா ஒட்டகத்திலிருந்து இறங்கினால் எளிமை என்கிறது உலகம். கடைக்காரர் காரிலிருந்து இறங்கினால் நொடிப்பு என்கிறது. பிரதமரிடம் சென்று பழைய பாக்கியைக் கேட்பவர் எவருமில்லை. ஆகவே பாரம் இறங்குகிறவர் மீது மட்டும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும் நம் மீதே பாதிக்கு மேல் இருக்கிறது. இறங்கியவனை நாம் தண்டித்தால், அடுத்தவன் பொய்யாகவே மேலே உட்கார்ந்திருப்பான். அவன் மறைக்கும் ஈரத்திற்கு நாமும் பொறுப்பாளிகளே.

நம் முன்னோர் பினாங்கில் எப்படிப் பிழைத்தார்கள்? தோளில் தண்டைச் சுமந்து, ஒருபுறம் சோறும் மறுபுறம் கறியுமாகத் தூக்கி நடந்து, துறைமுகத்துத் தொழிலாளர்களுக்கு விற்றவர்கள் பலர். அந்தத் தண்டுக்கு மலாய் மொழியில் கண்டார் என்று பெயர். நாசி கண்டார் என்ற பெயரே அதிலிருந்து வந்தது. நடந்து விற்றவருக்கும் கடன் சரக்கு கிடைத்ததென்றால், கொடுத்தவர் எதைப் பார்த்துக் கொடுத்திருப்பார்? சொன்ன நாளில் பணம் வந்ததா என்பதைத்தான். தமிழிலே காசுக்கும் நாணயம் என்று பெயர், நேர்மைக்கும் நாணயம் என்று பெயர். இரண்டிற்கும் ஒரே சொல்லை வைத்த மக்கள் நாம். அச்சொல்லில் காருக்கு இடமில்லை.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. கார் மாற்றியவரிடம் வியாபாரத்தைப் பற்றி இரங்கல் விசாரணை செய்யாதிருப்போம். அவர் இல்லாத இடத்தில் அதைப் பேசினால் அது புறம் என்பதை நினைவில் வைப்போம். கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் சகோதரர்கள், வாசலைப் பார்க்காமல் பேரேட்டைப் பார்க்கட்டும். கடந்த பன்னிரண்டு மாதங்களில் எந்தத் தேதியில் பணம் வந்தது என்பது அங்கே இருக்கிறது. சம்பந்தம் பேசுகிறவர்கள், மாப்பிள்ளை வீட்டில் என்ன கார் என்று கேட்பதைக் காட்டிலும், எவ்வளவு கடன் என்று கேட்பது பெண்ணுக்குச் செய்யும் பேருதவியாகும்.

இறங்கியவருக்கும் இரண்டு வார்த்தை. சிறிய காரைக் காட்டி மற்றவர்களுக்கு உபதேசம் செய்யத் தொடங்கினால், விட்டுவந்த பெருமை வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். மிச்சமாகும் பணம் எங்கே போகிறது என்பதிலும் கவனம் வேண்டும். ஏறிச்செல்லும் காருக்கு ஜகாத் இல்லை. அதில் முடங்கிய பணத்தில் ஏழைக்கு ஒரு காசும் போவதில்லை. அதே பணம் கடையில் சரக்காக இருந்து நிஸாபை எட்டி ஓராண்டு நின்றால், நூற்றுக்கு 2½ வீதம் கடமையாகிறது.  தவணைக்கு ஓடிய பணத்தில் பங்கில்லாதிருந்த ஏழைக்கு, சரக்காக மாறிய பணத்தில் பங்கு பிறக்கிறது. இந்தக் கோணத்தில் நம்மில் எத்தனைபேர் கார் கணக்கைப் போட்டிருக்கிறோம்?

பெரிய கார் வைத்திருப்பவர் அனைவரும் விற்றுவிட வேண்டுமென்று நாம் எழுதவில்லை. தாங்கக்கூடியவர் தாங்கட்டும். தாங்க மாட்டாதவர் இறங்க எண்ணும்போது, ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சம் அவரைத் தடுக்காதிருக்கும்படி, நம் ஜமாஅத்தில் ஒருவருக்கொருவர் துணைநிற்போம். அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் ஸலாம் சொல்லும்போது, நம் கண் முதலில் எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்வோம். நம் கொடுக்கல் வாங்கலில் அல்லாஹ் பரக்கத்தையும் நாணயத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.