ஊதியந் துறத்தலும் உழைப்புத் துறத்தலும்

பொருட்கவலை நீங்குமளவு ஈட்டி, முதுமை வருமுன்னரே ஊதியத் தொழிலை விட்டு நீங்குதல் வேண்டும் என்போர் மேனாடுகளில் ஓர் இயக்கமாகவே திரண்டுள்ளனர். விக்கி ராபின், ஜோ டொமிங்கெஸ் என்னும் இருவர் 1992இல் வெளியிட்ட நூல் அதற்கு வித்தாயிற்று. ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு பொருள் திரட்டிப் பங்குகளிலும் கடன்பத்திரங்களிலும் இட்டு, முதலாண்டில் நூற்றுக்கு நான்கு எடுத்து, பின்னர் விலையேற்றத்துக்கேற்பக் கூட்டி எடுப்பின், அப்பொருள் 30 ஆண்டு உதவும் என்பது 1994இல் வில்லியம் பெங்கன் காட்டிய கணக்கு.

இவ்விருப்பை நாம் இகழோம். பிறர் முகக்குறிப்புக்கு அஞ்சி நாட்கழித்தல் யார்க்கும் இனிதன்று. கல்முனை, சாய்ந்தமருது முதலிய ஊர்களினின்று வளைகுடா நாடுகள் சென்று உழைப்போர் பலரும், ஊரில் ஒரு கடையோ சிறிது வயலோ கொண்டு மக்களுடன் வாழ்தற்கன்றோ இளமையைச் செலவிடுகின்றனர்? அவர்தஞ் சிக்கனமும் ஒரு நோன்பே.

ஆயின், பொருள் ஒன்றே ஒருவனை விடுவிக்க வல்லதோ? 2004 மார்கழி 26இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையில் வீடும் தோணியும் வாரிச் சென்றது. 2022 புரட்டாதியில் நாட்டின் விலைவாசி முன்னையாண்டினும் நூற்றுக்கு 70 அளவு உயர்ந்தது. நேற்றுப் போதுமெனக் கண்ட பொருள் இன்று போதாதாயிற்று. அத்தகைய நாளில் ஒருவனைத் தாங்குவது அவன் பெட்டகமன்று; அயலாரே.

இவ்வுண்மையை நம் அயலவராகிய முஸ்லிம் அன்பர் தம் ஒழுக்கத்தில் வைத்துள்ளனர். அவர் நெறி வட்டியை விலக்குவது. குறித்த அளவின் மிக்கு ஓராண்டு தங்கிய செல்வத்தில் நாற்பதிலொரு பங்கை ஸக்காத்தாக வறியோர்க்கு ஈதல் அவர் கடன். வாளாகிடக்கும் செல்வமும் பிறர்க்குக் கடன்பட்டதே என்பது இதன் கருத்து.

கல்முனையை அடுத்த காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலாநந்த அடிகள், மானிப்பாய் இந்துக் கல்லூரித் தலைமைப் பதவியை முப்பது வயதளவில் விட்டு, 1922இல் இராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்தார். இருபத்தைந்து மடங்கு திரட்டி அவர் நீங்கினாரல்லர், நீங்கியபின் ஓய்ந்தாருமல்லர். பள்ளிகளை வளர்த்தார், யாழினை ஆராய்ந்தார், 1947இல் மறையுமளவும் உழைத்தார்.

ஆசிரியப் பெருமக்காள்! மாணாக்கர்க்குச் சேமிப்புக் கணக்கைக் கற்பிப்பீராக. அதனோடு, எவ்வளவு பொருள் போதும் என்னும் வினாவின்பின், விடுபட்ட நாள்கள் எவர்க்கு உரியன என்னும் வினாவையும் எழுப்புவீராக. ஊதியந் துறத்தல் தகும். உழைப்புத் துறத்தல் தகாது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மாலைதோறும் ஓர் ஏழைச் சிறுவனுக்கு எழுத்தறிவிப்பாராயின், அவரே விடுதலை பெற்றவர் என்போம்.