எதுவரை பார்த்தால் தண்ணீர் சுத்தம்?

2004-இல் நியூயார்க்கின் ஆசார யூதக் குடும்பங்களுக்குக் குழாய்த் தண்ணீரே பிரச்சினையானது. அதில் கோப்பிபாட் என்னும் பொடி உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. உடலுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் இறாலுக்கும் நண்டுக்கும் அவை சொந்தம், யூத மரபு விலக்கிய உணவு. குடிக்கலாமா, கூடாதா? ரபிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். பலர் குழாயில் வடிகட்டி மாட்டினார்கள்.

வெறுங்கண்ணுக்குத் தெரியாததை யூதச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. கோப்பிபாடோ இரண்டுங்கெட்டான்: வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைப் புள்ளி தெரியும், அது ஓர் உயிர் என்று அறிய லென்ஸ் வேண்டும்.

வேதியியல் கூடத்துக்கும் இதே தலைவலி உண்டு. 1990 வாக்கில் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் யானுஷ் பாவ்லிஷின் ஒரு எளிய உத்தியைக் கொண்டுவந்தார். முடி போல மெல்லிய சிலிக்கா இழை, அதன்மேல் ஒரு பூச்சு. தண்ணீரில் அமிழ்த்திக் கலக்கினால் பூச்சிக்கொல்லி எச்சமும் எண்ணெய்க் கழிவும் பூச்சில் போய் ஒட்டும். இழையை எடுத்து வாயு குரோமட்டோகிராஃபின் சூடான வாய்க்குள் நுழைத்தால், ஒட்டியவை ஆவியாகிக் கருவிக்குள் போய்விடும். கரைப்பானே தேவையில்லை. இன்று அந்தப் பூச்சுக்கு கிராஃபீன், கார்பன் நானோகுழாய், உலோக-கரிமச் சட்டகம் என்று வரிசையாக வந்துவிட்டன. சட்டகங்களில் பலவற்றின் ஒரு கிராமுக்குள் ஆயிரம் சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு மடிந்து கிடக்கிறது. லிட்டருக்கு சில நானோகிராம் இருந்தாலும் சிக்கிவிடும்.

ஆனால் இழை பாரபட்சமானது. சிலிக்கோன் பூச்சுக்கு எண்ணெய்ப் பசை உள்ளவைதான் பிடிக்கும். நீரோடு உறவாடும் மூலக்கூறுகள் நழுவிவிடும். கிராஃபீன் பென்சீன் வளையம் உள்ளவற்றை இழுக்கும். ‘எதுவும் இல்லை’ என்று வரும் அறிக்கை பாதி தண்ணீரைப் பற்றியது, பாதி பூச்சைப் பற்றியது.

கண்ணை எல்லையாக வைத்த ரபிகளை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது அவசரம். விலக்கு என்பது மனிதருக்கும் அவர் செய்யும் செயலுக்கும் இடையிலானது. தெரியாமல் விழுங்கியதற்கு அங்கே மன்னிப்பு இருக்க முடியும். நஞ்சோ நாம் பார்த்தோமா என்று விசாரிப்பதில்லை. கண்ணுக்கு எட்டாதது கணக்கில் இல்லை என்ற விதியை அப்படியே ஆய்வகத்துக்குள் கொண்டுவர முடியாதது இதனால்தான்.

அரசுகளும் இங்கே தடுமாறுகின்றன. பிஎஃப்ஓஏ என்ற ‘அழியா’ வேதிப்பொருளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2022-இல் அறிவித்த ஆலோசனை அளவு, லிட்டருக்கு 0.004 நானோகிராம். அன்றைய சோதனை முறைகளுக்கு எட்டாத அளவு அது. 2024-இல் இலக்கைச் சுழியம் என்றே வைத்துவிட்டு, சட்டப்படி கட்டாயமான வரம்பை 4 நானோகிராம் என்று எழுதினார்கள். அந்த நான்கு, நாட்டின் ஆய்வகங்கள் நம்பி அளக்கக்கூடிய கடைசிப் படி.