காரம் குறைந்த இடத்தில்

பொம்மனஹள்ளியின் மளிகைக் கடைகளில் மிளகாய்ச் சாக்குகளைப் பார்த்தாலே அக்கம்பக்கத்தில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். குண்டூர் மிளகாய் இருந்தால் தெலுங்குக் குடும்பங்கள் இருக்கின்றன. இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய் இருந்தால், கார்மென்ட்ஸ் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தென்மாவட்டக்காரர்கள் இருக்கிறார்கள். காஷ்மீரி மிளகாய்த்தூள் பாக்கெட்டுகள் வடக்கிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு. இவற்றுக்கு நடுவே கருஞ்சிவப்பாய், உடம்பெல்லாம் சுருக்கமாய் ஒரு நீள மிளகாய் இருக்கும். அது பியாடகி. இந்த மண்ணின் மிளகாய்.

2007 வரை தனி நகராட்சியாக இருந்த ஊர் இது. இப்போது பெங்களூருவின் ஒரு பகுதி. 2025 ஆகஸ்டில் மெட்ரோவும் வந்துவிட்டது. ஊர் எவ்வளவோ மாறியும், எல்லா வீட்டுக்காரர்களும் ஒரு கைப்பிடியாவது வாங்கிப்போகிற மிளகாயாகப் பியாடகி இருந்து வருகிறது. அது ஏன் என்று யோசித்தபோதெல்லாம் எழுதி வைத்த குறிப்புகள் இவை.

எரிச்சல்

இனிப்பு, புளிப்பு, உப்பு போல நாக்கு அறிகிற சுவை அல்ல காரம். அது சூடு. மிளகாயில் உள்ள கேப்சைசின், உடம்பில் வெப்பத்தை உணரும் நரம்புமுனைகளைத் தொடுகிறது. கிட்டத்தட்ட 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் விழித்துக்கொள்கிற அதே வாயில்தான் மிளகாய்க்கும் திறக்கிறது. விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் இதைக் கண்டறிந்தார்கள். 2021இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசில் இந்தக் கண்டுபிடிப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

வாய்க்குள் தீ இல்லை. ஆனால் தீ இருப்பதாக உடம்பு நம்புகிறது. வியர்க்கிறது, மூக்கு ஒழுகுகிறது, கண் கலங்குகிறது. அந்த நேரத்தில் சோற்றின் இனிப்பையோ பருப்பின் மணத்தையோ கவனிக்க மனத்துக்கு ஓய்வில்லை. காரம் அதிகமான உணவில் நாம் உண்பது பெரும்பாலும் அந்த ஒன்றைத்தான்.

காரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழைநாளில் மிளகு ரசம் தரும் சூடு எனக்கும் வேண்டும். காரம் மற்றவற்றுக்கு வழிவிட்டு நிற்கிற இடம் எது என்பதைத்தான் தேடுகிறேன்.

இரண்டு அளவுகள்

1912இல் அமெரிக்க மருந்தியலாளர் வில்பர் ஸ்கோவில் காரத்தை அளக்க ஒரு வழி சொன்னார். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டே போக வேண்டும். சுவைத்துப் பார்ப்பவர்களின் நாக்கில் எரிச்சல் தெரியாமல் போகும்வரை எத்தனை மடங்கு கரைக்க வேண்டியிருந்தது என்பதே கணக்கு. காரம் மறையும் இடத்தைத் தேடிப்போய்க் காரத்தை அளந்த மனிதர் அவர்.

அந்தக் கணக்கில் குண்டூர் சன்னத்துக்கு 35,000 முதல் 40,000 வரை சொல்வார்கள். பியாடகிக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது 8,000 முதல் 15,000 வரை. காஷ்மீரி அதற்கும் கீழே. வியாபாரிகளிடம் இன்னோர் அளவும் உண்டு. அது நிறத்துக்கானது. அதில் பியாடகி முன்வரிசையில் நிற்கிறது. காரம் மட்டாகவும் நிறம் மிகுதியாகவும் ஒரே காயில் கூடியதுதான் அதன் தனித்தன்மை.

மணத்துக்கு இப்படிச் சந்தையில் சொல்லும் எண் கிடையாது. உலர்ந்த பியாடகியைப் பிளந்து முகர்ந்தால் லேசான இனிப்பும் உலர்பழ வாசனையும் வரும். வறுத்தால் அந்த வாசனை புகை கலந்து வேறொன்றாக மாறும். சமைப்பவருக்கு மிகவும் தேவைப்படுவது இதுவே. அதை மூக்கை நம்பித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

கணக்கு

ஒரு குழம்புக்கு நாலு குண்டூர் மிளகாய் போதும் என்றால், அதே காரத்துக்குப் பியாடகியைப் பத்து, பன்னிரண்டு வரை போடலாம். கூடுதலாகப் போகிற ஒவ்வொரு காயும் தன் தோலையும் சதையையும் நிறத்தையும் மணத்தையும் சேர்த்தே கொண்டுபோகிறது. குழம்பு கெட்டிப்படுகிறது. நிறம் பிடிக்கிறது. மிளகாய் அங்கே கிட்டத்தட்ட ஒரு காய்கறியாகிவிடுகிறது.

குந்தாபுரத்து நெய் ரோஸ்ட்டின் அந்தச் சிவப்பு இப்படி வருவதுதான். மைசூர் மசாலா தோசைக்குள் தடவுகிற பூண்டுச் சட்னியும், மங்களூர் கஸ்ஸிக் குழம்பும் அப்படியே. குண்டூர் மிளகாயை வைத்து அந்த நிறத்துக்குப் போனால் வாயில் வைக்க முடியாது. காரம் குறைவாக இருப்பதால்தான் கையைத் தாராளமாக விட முடிகிறது. நெடுநாள் சமைத்த பிறகு எனக்குப் பிடிபட்ட உண்மை இது: காரம் குறைந்தால் மிளகாயை அதிகமாக உண்ணலாம்.

சதையும் நரம்பும்

காயை நீளவாக்கில் பிளந்தால் நடுவே வெளுத்த நரம்பும் அதில் ஒட்டிய விதைகளும் தெரியும். கேப்சைசின் உருவாவது அந்த நரம்பில்தான். விதைக்குக் காரம் அதை ஒட்டியிருப்பதால் வருகிறது. சிவப்போ தோலிலும் சதையிலும் இருக்கிறது. ஆக நிறமும் காரமும் ஒரே காய்க்குள் வெவ்வேறு அறைகளில் வசிக்கின்றன.

ஹங்கேரியின் சேகெட் நகரத்தார் 19ஆம் நூற்றாண்டில் இந்த நரம்பை நீக்கிவிட்டு அரைத்து, காரம் தணிந்த பாப்ரிகாத் தூளை ஊருக்கு ஊர் விற்றார்கள். நம் வட கர்நாடகத்துக் கரிசல் நிலங்களில் அந்த வேலை விதையிலேயே நடந்திருக்கிறது. ஹாவேரி, தார்வாட், கதக் பக்கத்து உழவர்கள் தலைமுறை தலைமுறையாக விதைக்கு எடுத்து வைத்த காய்களின் பலன் இது. நீளமாய், விதை குறைவாய் இருப்பதைக் கட்டி என்றும், குட்டையாய்ப் பருத்திருப்பதை டப்பி என்றும் சொல்வார்கள். 2011இல் இந்த மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் இராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு அது 2023இல் வந்தது.

எங்கள் மாடி வீட்டில் ஹாவேரியைச் சேர்ந்த ஒரு பாட்டி இருக்கிறார். தெருவே அவரை அஜ்ஜி என்று கூப்பிடும். மிளகாய் வாங்கி வந்தால் அவரிடம் ஒருமுறை காட்டிவிடுவேன். காம்பு இருக்கிறதா, எங்காவது வெள்ளை பாய்ந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பார். பிறகு காதருகே வைத்து ஆட்டுவார். விதைச் சத்தம் அதிகம் கேட்டால், “தோல் கம்மி மா, நீ விதைக்குக் காசு கொடுத்துட்ட” என்பார். பாதி கன்னடம், பாதி தமிழ். மிளகாயை அந்த அளவு பொறுமையோடு கேட்பவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வறுப்பது

பிசிபேளாபாத் பொடிக்கு என் அளவு: பியாடகி 100 கிராம், தனியா 100, கடலைப்பருப்பு 50, உளுத்தம்பருப்பு 25, வெந்தயம் ஒரு தேக்கரண்டி, கசகசா இரண்டு தேக்கரண்டி, பட்டை இரண்டு துண்டு, கிராம்பு பத்து, மராட்டி மொக்கு நாலு. கொப்பரைத் துருவலைச் சமைக்கிற அன்று தனியாக வறுத்துச் சேர்ப்பேன். முன்பே கலந்தால் பொடி சிக்கு வாடை அடித்துவிடும்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். பருப்பு சிவக்க நேரம் கேட்கும். கசகசா சட்டி சுட்டதுமே பொரியும். வெந்தயம் ஒரு நிமிடம் கூடினாலும் கசக்கும். ஒன்றின் பொழுதை இன்னொன்றின் மேல் சுமத்த முடியாது. மிளகாயைக் கடைசியாக, தீயை நன்றாகத் தணித்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் புரட்டுவேன். தோல் மொறுமொறுப்பாகி நிறம் அப்படியே நிற்க வேண்டும். கறுத்துவிட்டால் இந்த மிளகாயைத் தேடி வாங்கியதற்குப் பொருளே இல்லை. அந்தச் சில நிமிடங்களில் வேறெதையும் நினைக்க முடிவதில்லை. கையும் கண்ணும் மூக்கும் ஒரே இடத்தில் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த தியானம் அதுதான்.

மில்லில் அரைத்து வாங்கும்போது தூள் சூடாக இருக்கும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்துக் கட்டி தட்டும். காகிதத்தில் பரப்பி ஆறவிட வேண்டும். பிறகு வெளிச்சம் படாத இடத்தில் வைக்க வேண்டும். வெளிச்சமும் வெப்பமும் காற்றும் சிவப்பை மெல்ல மெல்ல அழித்துவிடும்.

அந்தச் சிவப்பு கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. காரமும் அப்படித்தான். அதனால் தூளைக் கொதிக்கும் குழம்பில் கொட்டுவதைவிட, தாளித்து அடுப்பை அணைத்த பின் அந்த எண்ணெயில் ஒரு கரண்டி போட்டுக் கலக்குவது நல்லது. எண்ணெய் நிறம் ஏறி மேலே மிதக்கும்.

பாக்கெட்

எல்லோராலும் வறுத்து அரைக்க முடியாது. காலை எட்டு மணிக்குள் சோறு கட்டிக்கொண்டு ஓசூர் சாலையில் பஸ் பிடிக்கும் பெண்ணிடம், பாக்கெட் பொடி வாங்காதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. 1924இல் தொடங்கிய பெங்களூருவின் மாவள்ளி டிபன் ரூம் எழுபதுகளில் நெருக்கடி நிலைக் காலத்தில் உணவகம் நடத்த முடியாமல் தவித்தபோது கலவைப் பாக்கெட்டுகள் பக்கம் திரும்பியது. அடுப்பங்கரையின் பொடி கடையின் அலமாரிக்குப் போன கதையில் அது ஒரு பெரிய திருப்பம்.

பாக்கெட்டில் கவனிக்க வேண்டியது நிறம். சிவப்பு வேண்டும் என்று நாம் கேட்கக் கேட்க, அதைப் பொய்யாகத் தரவும் ஆட்கள் வந்தார்கள். சூடான் என்ற தொழிற்சாலைச் சாயம் கலந்த மிளகாய்த்தூளால் 2005இல் பிரிட்டனில் 400க்கும் மேற்பட்ட உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டியிருந்தது. புற்றுநோய் அச்சத்தால் உணவில் தடை செய்யப்பட்ட சாயம் அது. நல்ல மிளகாய்த்தூள் பளீரென்று இருக்காது. சற்று மங்கிய, ஆழமான சிவப்பு அது. அந்த மங்கலை விரும்பக் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

விளைவிப்பவர்கள்

இந்த மிளகாய்க்குப் பெயர் தந்த பியாடகி ஊரின் சந்தை இந்தியாவின் மிகப் பெரிய மிளகாய்ச் சந்தைகளில் ஒன்று. அங்கே வரும் காயில் ஒரு பங்கு எண்ணெய்ச்சாறு எடுக்கும் ஆலைகளுக்குப் போகிறது. அந்தச் சிவப்பு உணவுக்கு மட்டுமின்றி உதட்டுச் சாயத்துக்கும் பயன்படுகிறது. 2024 மார்ச் 11 அன்று அந்தச் சந்தையில் விலை திடீரென்று சரிந்தது. கொதித்துப்போன விவசாயிகள் சந்தை அலுவலகத்தைத் தாக்கினார்கள். வாகனங்கள் தீக்கிரையாயின.

சாந்தமான மிளகாய் என்று நாம் கொண்டாடும் ஒன்று, அதை விளைவித்தவரின் வீட்டில் அத்தனை கொதிப்பை உண்டாக்கியிருக்கிறது. மாதக்கணக்கில் வயலில் நின்று, பறித்து, வெயிலில் உலர்த்தி, புரட்டி, சாக்கில் கட்டிக் கொண்டுவந்தவரின் உழைப்பு ஒரே காலையில் பாதி மதிப்பாகிவிட்டால் மனம் என்ன ஆகும்? பியாடகி போலவே தோற்றம் காட்டுகிற கலப்பின மிளகாய்கள் சந்தையில் பெருகிய பிறகு, பழைய நாட்டு ரகத்தைப் பயிரிடுபவருக்குக் கூடுதல் விலை கிடைப்பது இன்னும் அவசியமாகிறது. கடையில் பத்து ரூபாய் அதிகம் சொன்னால் நான் பேரம் பேசுவதில்லை. என்னால் முடிந்தது அவ்வளவே.

பந்தி

ஒரே வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறது, வயிற்றுப்புண்ணோடு மாமனார் இருக்கிறார், காரம் இல்லாமல் சாப்பாடு இறங்காத மருமகன் இருக்கிறார். காரக் குழம்பு வைத்தால் பிள்ளைக்குத் தயிர்ச் சாதம், மாமனாருக்குக் கஞ்சி என்று அடுப்பு மூன்றாகப் பிரியும். காரம் தணிந்த பொடியில் செய்தால் ஒரே பாத்திரத்தில் எல்லோருக்கும் பரிமாறலாம். பல மொழிக்காரர்கள் ஒரே மாடிப்படி ஏறி இறங்குகிற இந்தப் பகுதியில், பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பும்போதும் இதே நியாயம்தான்.

மருமகனுக்குக் குறையொன்றும் இல்லை. அவர் ஒரு பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்ளலாம், மோர் மிளகாய் வறுத்துக்கொள்ளலாம், இட்லிப் பொடியைத் தொட்டுக்கொள்ளலாம். காரத்தைக் கூட்டிக்கொள்ள வழி எப்போதும் இருக்கிறது. குழம்பில் இறங்கிவிட்ட காரத்தைத் திரும்ப எடுக்க யாராலும் முடியாது. ஆகவே ஊருக்குச் சமைப்பவர் குறைவிலிருந்து தொடங்குவதே நியாயம். வேண்டியவர் சேர்த்துக்கொள்ளட்டும். முடியாதவர் இலையை விட்டு எழுந்திருக்கக் கூடாது.